தீ வண்டி வந்து சேரும் நேரம்

இந்த வருஷம் கும்பப்பூ அறுப்பு முடிந்து, வைக்கோலைக் காயப்போட்டு, தொழுவத்துக்குப் பின்னால் படப்பு வைத்து மூணு நாள்தான் ஆகியிருந்தது. மத்தியானம் ரெண்டு மணி. சாப்பிட்டு விட்டுத் திண்ணையில் சாய்ந்திருந்தேன். "ஏ, படப்பு எரியுதுலே!" என்று தெருவில் ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் உச்சியில் புகை, கீழே ஒரு பக்கம் முழுக்கத் தீ. ரெண்டு மாட்டுக்கு ஒரு வருஷத் தீவனம்.

நகரத்தில் இருக்கிற வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் நாஞ்சில் நாட்டில் வருஷத்துக்கு ரெண்டு பூ, அதாவது ரெண்டு போகம். புரட்டாசியில் அறுப்பது கன்னிப்பூ, மாசியில் அறுப்பது கும்பப்பூ. கன்னிப்பூ வைக்கோல் மழையில் மாட்டும், பாதி அழுகிப் போகும். கும்பப்பூ வைக்கோல்தான் நல்லாக் காய்ந்து பொன் மாதிரி இருக்கும். காய்ந்தது எல்லாம் எரியவும் செய்யும்.

பையன் 101-க்குப் போன் பண்ணினான். நாங்கள் கிணற்று மோட்டாரைப் போட்டு ஹோஸ் பிடித்தோம். சானலில் தண்ணி இல்லை. பேச்சிப்பாறை அணையை வழக்கமாக ஜூனில் திறந்து பிப்ரவரி கடைசியில் அடைப்பார்கள். அடைத்த பிறகு புத்தனாறு சானலில் முழங்கால் அளவு சகதிதான். யோசித்துப் பாருங்கள், வைக்கோல் காயும் மாதமும் சானல் காயும் மாதமும் ஒன்றேதான். இது எந்த அலுவலகக் கணக்கிலும் எழுதியிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

படப்பை விட்டுவிடலாம். படப்பை ஒட்டி இருக்கிற வீடுதான் பயமாக இருந்தது. அது என் பெரியம்மை வீடு. வயசு எண்பதைத் தாண்டியாச்சு. மகன்கள் ரெண்டு பேரும் கல்ஃபில். தனியாக இருக்கிறாள், இடுப்பு முறிந்து எழுந்து நடக்க முடியாது. அடுக்களைச் சுவருக்கு அந்தப் பக்கம் படப்பு, இந்தப் பக்கம் கேஸ் சிலிண்டர். நாலு பேர் உள்ளே போய் அவளை நாற்காலியோடு தூக்கி வெளியே கொண்டு வந்தோம். சிலிண்டரை ஒருத்தன் உருட்டிக்கொண்டு ஓடினான்.

தீ வண்டி வந்து சேர அரைமணி நேரத்துக்கு மேல் ஆச்சு. வந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பதிமூணு கிலோமீட்டர் வரணும், வழியெல்லாம் பஸ்ஸும் கல்யாணக் காரும். ஊருக்குள் வந்த பிறகும் எங்கள் முடுக்குக்குள் வண்டி நுழையவில்லை. மூலையில் ஒரு கார் நின்றது. குழாயை இழுத்து, ஒன்றோடு ஒன்று மாட்டித்தான் அடித்தார்கள். தீ அணைந்தது. படப்பில் கால் பங்கு மிஞ்சியது, அதுவும் நனைந்து போச்சு.

போகும்போது தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட அந்தக் குழுவின் தலைவர் என்னிடம் சொன்னார்: "அண்ணாச்சி, அந்த அம்மா தனியா இருக்காங்கன்னு உங்க தெருவுக்குத் தெரியும். எங்களுக்கு எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதுக்குப் பிறகு படிக்கக் கிடைத்ததையும், தெரிந்தவர்களிடம் கேட்டதையும், என் சொந்த ஞாபகத்தையும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

ஓலை காலம்

எனக்குப் பத்து வயசு இருக்கும்போது எங்கள் தெருவில் பாதிக்கு மேல் ஓலைக்கூரை. தென்னை ஓலையைத் தண்ணியில் ஊறப்போட்டு, முடைந்து, வருஷா வருஷம் கூரை மேய்வார்கள். வீட்டுக்குள் மண்ணெண்ணெய் சிம்னி விளக்கு. பங்குனி, சித்திரையில் ஒரு வீடாவது எரியும். ஒன்று எரிந்தால் காற்று வாக்கில் அடுத்ததும் எரியும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றைப் பற்றி உங்களுக்குத் தெரியும். அந்தக் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலை நட்டிருக்கிறார்கள். அது தீக்கும் உதவும்.

அன்றைக்கு ஊர்தான் தீயணைப்பு நிலையம். யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். பெண்கள் கிணற்றிலிருந்து குடமும் சருவமுமாக வரிசை கட்டுவார்கள். ஆண்கள் தொரட்டியைப் போட்டு எரியாத வீட்டுக் கூரையைப் பிய்த்துப் போடுவார்கள். எரிகிற வீட்டைக் காப்பாற்ற முடியாது, அடுத்த வீட்டைக் காப்பாற்றலாம் என்பது பாட்டா காலத்து அறிவு. வாழைத்தடையை வெட்டி அடிப்பார்கள், மண்ணை வாரி இறைப்பார்கள். தீ வண்டி வரும்போது எல்லாம் முடிந்து சாம்பல்தான் இருக்கும். வந்தவர்கள் சாம்பலுக்குத் தண்ணி அடித்துவிட்டு, ஒரு கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டுப் போவார்கள்.

அந்த ஊரில் எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்த வீட்டில் கண் தெரியாத கிழவி என்று ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் மனப்பாடம். இன்றைக்கு இதைத்தான் 'டேட்டா' என்கிறார்கள்.

வண்டி எங்கே நிற்கணும் என்று யார் முடிவு செய்தது?

சென்னை நகரத்துக்கு 1908-லேயே தீயணைப்புப் படை வந்துவிட்டது. நாங்கள் அப்போது திருவிதாங்கூர் மகாராஜா சீமை. 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம்.

அதுக்கு ஒரு வருஷம் முன்னால், 1955-ல், மத்திய உள்துறையின் கீழ் ஒரு நிரந்தரத் தீயணைப்பு ஆலோசனைக் குழுவை அமைத்தார்கள். நாட்டில் எங்கெங்கே நிலையம் வேண்டும், எத்தனை வண்டி வேண்டும் என்பதற்கு அளவுகோல் சொல்வது அதன் வேலை. அந்த அளவுகோல் சுருக்கமாக இது: நகரம் என்றால் 10 சதுர கிலோமீட்டருக்கு ஒரு நிலையம், 5 முதல் 7 நிமிஷத்தில் வண்டி வரணும். கிராமம் என்றால் 50 சதுர கிலோமீட்டருக்கு ஒரு நிலையம், 20 நிமிஷத்தில் வண்டி வரணும்.

இதே யோசனை வெள்ளைக்காரன் நாட்டிலும் இருந்தது. 1938-ல் சட்டம் போட்டு ஊருக்கு ஊர் தீயணைப்புப் படை கட்டாயம் என்றார்கள். பிறகு இடங்களை ஏ, பி, சி, டி என்று நாலு வகையாகப் பிரித்தார்கள். ஏ என்றால் பெரிய கடைவீதி, ஆலை நெருக்கம்; 5 நிமிஷத்தில் ரெண்டு வண்டி, 8 நிமிஷத்தில் மூணாவது வண்டி. டி என்றால் சிதறிக் கிடக்கிற கிராமம். 20 நிமிஷத்தில் ஒரு வண்டி. இதில் ஒரு கோளாறு உண்டு. அந்த வகைப்பாடு கட்டடத்தைப் பார்த்தது, உள்ளே இருக்கிற மனுஷனைப் பார்க்கவில்லை. ராத்திரி பூட்டிக் கிடக்கிற கடைவீதிக்கு மூணு வண்டி, ஆட்கள் தூங்குகிற வீடுகளுக்கு ஒரு வண்டி. தீயில் செத்தவர்களில் பெரும்பாலோர் வீட்டில் செத்தவர்கள். ரொம்ப காலம் கழித்து, 2004 வாக்கில்தான் அந்த முறையை விட்டுவிட்டு, ஒவ்வொரு பகுதியும் தன் ஆபத்தைத் தானே கணக்குப் பார்த்துத் திட்டம் போட்டு, அதை அவ்வப்போது திருத்தணும் என்று மாற்றினார்கள். யார் தனியாக இருக்கிறார்கள், யாருக்கு வயசு கூடிப்போச்சு என்பதெல்லாம் அந்தக் கணக்கில் உண்டு.

நாங்கள் கிராமமா, நகரமா?

இப்போது நம்ம கதைக்கு வருவோம். 2001 மக்கள்தொகைக் கணக்கில் கன்னியாகுமரி மாவட்டத்தில் நகரவாசிகள் சுமார் 65 சதவீதம். 2011 கணக்கில் அது 82 சதவீதம். பத்து வருஷத்தில் நாங்கள் எல்லோரும் மூட்டை கட்டி நகரத்துக்குப் போகவில்லை. எங்கள் மாவட்டத்தில் ஐம்பதுக்கு மேல் பேரூராட்சிகள். காகிதத்தில் பேரூராட்சி என்றால் நகரம். சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர் என்பது 2011 கணக்கு. தமிழ்நாட்டில் சென்னையை விட்டால் இவ்வளவு நெருக்கம் வேறே மாவட்டத்தில் அன்றைக்குக் கிடையாது. 2019-ல் நாகர்கோவில் மாநகராட்சியே ஆகிவிட்டது.

ஆக, வரி போடும்போது நாங்கள் நகரம். தீ வண்டி வரும்போது கிராமம்.

நான் ஹைஸ்கூல் படித்தவன், வகுத்தல் கணக்கு தெரியும். மாவட்டத்தின் பரப்பு சுமார் 1,672 சதுர கிலோமீட்டர். கிராம அளவுகோலில் 50-ஆல் வகுத்தால் 33 நிலையம். நகர அளவுகோலில் 10-ஆல் வகுத்தால் 167. மலையும் காடும் கழித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. நாகர்கோவில், தக்கலை, குழித்துறை, குளச்சல், கன்னியாகுமரி என்று இருக்கிற நிலையங்களை விரல் விட்டே எண்ணிவிடலாம்.

எங்களுக்கு மட்டும் இந்தக் குறை என்று சொல்ல முடியாது. 2011-12 சமயத்தில் மத்திய அரசு நாடு முழுக்க ஓர் ஆய்வு செய்ய வைத்தது. தேவை 8,559 நிலையம், இருப்பது 2,987 என்று அதில் வந்தது. மூணில் ஒரு பங்குதான் இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் அந்த ஆய்வில் நல்ல விஷயம் ஒன்றும் உண்டு. பரப்பளவை மட்டும் வைத்து வகுக்காமல், எங்கே ஆபத்து கூடுதல், ரோட்டில் எவ்வளவு நேரம் ஆகும் என்று வரைபடத்தில் போட்டுப் பார்த்தார்கள். இதைச் சரிசெய்ய 15-ஆவது நிதிக்குழு பரிந்துரைத்து, 2023-ல் மாநிலங்களுக்கு 5,000 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தார்கள்.

ஆபத்து இடம் மாறிவிட்டது

பணம் வந்தால் போதுமா? எங்கே வைப்பது என்று தெரிய வேண்டாமா? எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓலைக்கூரை இன்றைக்கு அநேகமாக இல்லை. 2010-ல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் வந்து குடிசைகள் கான்கிரீட் ஆயின, பிறகு பசுமை வீடு வந்தது. அதுக்கு முன்னால் கல்ஃப் பணமே முக்கால்வாசி ஓலையை மாற்றிவிட்டது. மண்ணெண்ணெய் விளக்கு போச்சு, கேஸ் அடுப்பு வந்தது. அப்படியானால் ஆபத்து குறைந்ததா? ஒரு பக்கம் குறைந்தது நிஜம். ஆனால் பழைய வயரிங்கில் ஏ.சி., இன்வெர்ட்டர் பேட்டரி, வாசலில் சார்ஜ் ஏறுகிற எலெக்ட்ரிக் ஸ்கூட்டர். முடுக்கு அப்போதும் எட்டடி, இப்போதும் எட்டடி. அன்றைக்குச் சைக்கிள் நின்ற இடத்தில் இன்றைக்குக் கார்.

வயல் பக்கம் பார்த்தால், மிஷின் அறுத்து, மிஷின் கட்டி, கேரளத்துக்கு வைக்கோல் லாரி போகிறது. தாழ்ந்து தொங்குகிற கரண்டுக் கம்பியில் உரசினால் நடுரோட்டில் லாரி எரியும். மேற்கே ரப்பர் ஷீட் காயவைக்கிற புகைப்புரைகள், தும்பு ஆலைகள். நாகர்கோவிலில் வலம்புரிவிளை குப்பைக்கிடங்கில் தீ பிடித்தால் நாள் கணக்கில் புகை. நான் சின்னப் பையனாக இருந்தபோது இந்தப் பட்டியலில் பாதி இல்லவே இல்லை.

துறையின் பெயரே இன்றைக்குத் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. கிணற்றில் மாடு விழுந்தாலும் அவர்கள், வீட்டில் பாம்பு வந்தாலும் அவர்கள், மரத்தில் கதண்டு கூடு கட்டினாலும் அவர்கள். 2004 சுனாமியில் மணக்குடிப் பாலமே பெயர்ந்து போச்சு. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஓகி அடித்தபோது ரோட்டுக்கு ரோடு மரம் விழுந்து கிடந்தது, எந்த வண்டியும் எங்கும் போக முடியவில்லை. நிலையம் பக்கத்தில் இருந்தும் பாதை இல்லையென்றால் தூரத்தில் இருக்கிற மாதிரிதான்.

தெரிந்துகொள்வதற்கு நாம் கொடுக்கிற விலையும் பெரிது. 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்தில் 94 பிள்ளைகள் எரிந்து போனார்கள். அதுக்குப் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக்கூரை கூடாது என்று தமிழ்நாடு முழுக்கப் பிடுங்கினார்கள். அந்தக் கீற்று அதுவரை யார் கண்ணுக்கும் தெரியாமலா இருந்தது? எங்கள் மாவட்டத்திலேயே 2021 ஜூன் 2-ஆம் தேதி மண்டைக்காடு பகவதி அம்மன் கோயில் மேற்கூரை எரிந்தது. பத்மநாபபுரம் அரண்மனை முழுக்க மரவேலை. அங்கே போகும்போதெல்லாம் எனக்கு இப்போது அந்த ஞாபகம்தான் வருகிறது.

கூப்பிடாத ஊர்

ஒரு விஷயம் யோசித்தபோது எனக்கே திடுக்கென்றது. நிலையத்துக்கு வருகிற அழைப்புகளை எண்ணித்தான் எங்கே தீ அதிகம் என்று பார்ப்பார்கள். ஆனால் தூரத்து ஊர்க்காரன் கூப்பிடவே மாட்டான். "வண்டி வாறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும், போன் பண்ணி என்னத்துக்கு?" என்று நாங்களே பல தடவை விட்டிருக்கிறோம். எங்கள் தெருவில் என் ஆயுசில் நான் பார்த்த தீயில் முக்கால்வாசிக்கு யாரும் போன் பண்ணவே இல்லை. அப்படியானால் பதிவேட்டில் எங்கள் ஊர் எப்படி இருக்கும்? தீயே பிடிக்காத ஊர். தீ பிடிக்காத ஊருக்கு நிலையம் எதுக்கு? நிலையம் இல்லாததால் கூப்பிடுவதில்லை, கூப்பிடாததால் நிலையம் இல்லை.

பெரிய பெரிய ஆட்களே இந்த மாதிரி கணக்கில் சறுக்கியிருக்கிறார்கள். 1970-களில் நியூயார்க் நகரத்தில் பணத்தட்டுப்பாடு. ராண்ட் என்கிற ஆய்வு நிறுவனத்தைக் கொண்டு, வண்டி வந்து சேரும் நேரத்தைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு, சில குழுக்களை மூடினார்கள். மூடியதில் பல, ஏழை ஜனங்கள் நெருக்கமாக இருந்த பிராங்ஸ் மாதிரி பகுதிகளில். அங்கே தெருத் தெருவாக வீடுகள் எரிந்தன. வறுமை, கைவிடப்பட்ட கட்டடம் என்று காரணங்கள் பல. மூடிய குழுக்களும் ஒரு காரணம் என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். கணக்குப் போடத் தெரியாமல் வந்த வினை இல்லை அது. வண்டி வருகிற நேரத்தை அளந்தவர்கள், அந்தத் தெருவில் மனுஷன் எப்படி இருக்கிறான் என்பதை அளக்கவில்லை.

ஒரு நாற்பது பக்க நோட்டு

அதனால் நான் ஒன்று செய்தேன். பெரிசாக ஒன்றும் இல்லை. பேத்தியின் பழைய நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனேன். பேத்தி கூட வந்து எழுதினாள். எந்த வீட்டில் நடக்க முடியாதவர்கள், எந்த வீட்டில் தனியாக, சிலிண்டர் எந்தப் பக்கம், எந்த முடுக்கில் வண்டி நுழையும், எந்த முடுக்கில் நுழையாது, சித்திரையிலும் வற்றாத கிணறு எது, குளத்தில் எந்தப் படித்துறை வரைக்கும் வண்டி இறங்கும். கடைசி விஷயம் முக்கியம். தீ வண்டியில் இருப்பது 4,500 லிட்டர் அளவுக்குத் தண்ணி. குழாயைத் திறந்துவிட்டால் அது எத்தனை நிமிஷத்துக்கு? அடுத்த தண்ணி எங்கே என்று தெரியாவிட்டால் வந்த வண்டியும் வெறும் வண்டிதான்.

எங்கள் தெருவில் மட்டும் 31 வீடு. அதில் 9 வீட்டில் வயசானவர்கள் மட்டும். எனக்குத் தெரிந்த தெருதான், ஆனால் எண்ணிப் பார்க்கும்வரை ஒன்பது என்று எனக்குத் தெரியாது. பத்து வருஷத்துக்கு முன்னால் எண்ணியிருந்தால் ரெண்டோ மூணோ இருந்திருக்கும். அடுத்த வருஷம் மறுபடி எண்ணணும். இந்த மாதிரிக் கணக்கு பஞ்சாங்கம் மாதிரி, ஒரு வருஷத்துக்கு மேல் செல்லாது.

ஒரு நகலை நிலையத்தில் கொண்டு கொடுத்தேன். அன்றைக்கு வந்த அதே ஆள்தான் இருந்தார். பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். "இத எல்லா ஊரும் செஞ்சா எவ்வளவு நல்லாருக்கும், அண்ணாச்சி" என்றார். இன்னொரு நகலைப் பேரூராட்சியில் மனுவோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். எங்கள் பக்கத்து ஆறேழு ஊருக்குப் பொதுவாக ஒரு சிறிய நிலையம் வேண்டும் என்பது மனு. நடக்குமா என்று தெரியாது. வயலில் விதை போடுகிறவன் மழை வருமா என்று கேட்டுவிட்டா போடுகிறான்?

சென்னையிலும் பெங்களூரிலும் இருந்து இதைப் படிக்கிற உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களில் நிறையப் பேருடைய அப்பா அம்மா எங்களைப் போல ஏதோ ஒரு ஊரில் தனியாக இருக்கிறார்கள். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது, வீட்டு வயரிங்கை ஒரு ஆளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சிலிண்டர் ரப்பர் குழாயை மாற்றுங்கள். அம்மா தனியாக இருக்கிற விஷயத்தைப் பக்கத்து வீட்டில் ரெண்டு பேரிடம் சொல்லி, ஒரு சாவியையும் கொடுத்து வையுங்கள். உங்கள் காரை முடுக்கு வாசலில் நிறுத்தாதீர்கள். அன்றைக்கு எங்கள் மூலையில் நின்ற கார், ஊருக்கு லீவில் வந்த ஒரு பிள்ளையுடையதுதான். பாவம், அவனுக்குத் தெரியாது.

பெரியம்மை நல்லா இருக்கிறாள். அன்றைக்குத் தூக்கிக்கொண்டு வந்தபோது நெருப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "எளேய், அடுப்புல பால் வச்சிருக்கேன், பொங்கிரும்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். படப்பை இப்போது தெற்கு விளைக்கு மாற்றிவிட்டேன். வைக்கோல் சுமக்கத் தூரம் கூடுதல்தான், பரவாயில்லை.